வியாழக்கிழமை வயிற்றுவலி

மொரீசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது. மகனுக்கு எட்டு வயது, நான்காம் வகுப்பு. திங்கள் நீச்சல், செவ்வாய் மிருதங்கம், புதன் பிரெஞ்சுப் பேச்சுப் பயிற்சி, வியாழன் அபாகஸ், சனிக்கிழமை காலை கோவிலில் தமிழ். வெள்ளி மட்டும் சும்மா இருக்கிறான். "இப்போதே தொடங்காவிட்டால் பின்தங்கிவிடுவான்" என்கிறார் கணவர். "பிள்ளையை விளையாட விடுங்கள்" என்கிறார் மாமியார். பையன் இரண்டு பக்கமும் பேசுவதில்லை. ஆனால் இரண்டு மாதமாக வியாழக்கிழமை மதியமானால் வயிறு வலிக்கிறது என்கிறான். எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது? நிறுத்தினால் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட மாட்டானா?

அம்மா, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தீவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். வயிற்றுவலியிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் மாற்றுக் கருத்து வேண்டாம். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், அவன் நடிக்கிறான் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். தேர்வு நாளில், புதிய ஆசிரியர் வரும் நாளில், நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகும் நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்ற பிள்ளைகளை எண்ணி மாளாது. அவர்களுக்கு உண்மையாகவே வலித்தது. எட்டு வயதில் "எனக்கு இது வேண்டாம், பயமாக இருக்கிறது, களைப்பாக இருக்கிறது" என்பதைப் பிரித்துச் சொல்லச் சொற்கள் போதாது. வயிறு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்து, ஒரு தாளை எடுத்து அவனுடைய ஒரு நாளைக் கணக்குப் போடுங்கள். நான்கு மணிக்கு வீட்டுக்கு வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்காவது படுக்க வேண்டும். இடையில் நாலரை மணி நேரம், அதாவது 270 நிமிடம். வகுப்பு ஒரு மணி நேரம். போக, வர, பாதையில் கார்கள் நகராமல் நிற்கிற நேரம், ஆசிரியர் முந்தைய பிள்ளையை முடிக்கும் வரை வாசலில் காத்திருப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு மணி நேரம். வீட்டுப்பாடம் முக்கால் மணி. தேநீர், குளியல், சாமி கும்பிடுவது, இரவுச் சாப்பாடு ஒரு மணி. மீதி நாற்பத்தைந்து நிமிடம். அதுவும் ஒரே துண்டாக இல்லை. இங்கே பத்து நிமிடம், அங்கே பதினைந்து நிமிடம் என்று சிதறிக் கிடக்கிறது.

சிதறின நேரத்தில் விளையாட முடியாது. பெரியவர்களுக்கு இது புரிவதில்லை. நமக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் ஒரு காப்பி குடித்துவிடுவோம். பிள்ளைகளுக்கு என்ன விளையாடுவது, யார் எந்தப் பக்கம், எது செல்லும், எது செல்லாது என்று சண்டை போட்டு முடிக்கவே முதல் அரை மணி நேரம் வேண்டும். விளையாட்டு அதற்குப் பிறகுதான் தொடங்கும். பத்து நிமிடம் மட்டும் கையில் இருக்கும் பிள்ளை வேறு என்ன செய்வான்? டேப்லெட்டைத்தான் எடுப்பான். பத்து நிமிடத்துக்கு அதைவிடத் தோதான பொருள் உலகில் இல்லை.

எனக்கு இது தெரியவந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் வந்தது. எங்கள் வீட்டில் பல நாள் மின்சாரம் இல்லை. பள்ளி இல்லை, வகுப்பு இல்லை. முற்றத்து லிச்சி மரம் வேரோடு சாய்ந்து சுவரை ஒட்டிக் கிடந்தது. அப்போது என் மகனுக்கு எட்டு வயது. வாய் திறக்காத பிள்ளை. அவனுக்குப் பேச்சு வர வேண்டும் என்று நான் மாதக் கட்டணம் கட்டி ஒரு வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: சாய்ந்த மரம் பஸ் ஆகிவிட்டது. அடிமரத்தில் பக்கத்து வீட்டுப் பையன், கையில் ஒரு தட்டு, அதுதான் ஸ்டீயரிங். கிளைகளில் ஆறு பயணிகள். என் மகன் கண்டக்டர். என்னுடைய பழைய வருகைப் பதிவேட்டைக் கிழித்து டிக்கெட் செய்திருந்தான். ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸுக்கு எவ்வளவு, சின்னப் பிள்ளைக்குப் பாதியா முழுதா, நின்றுகொண்டு வந்தால் குறைக்க வேண்டுமா என்று ஒரு பெண்ணோடு கால் மணி நேரம் வாதாடினான். அவள் இறங்கிவிடுவேன் என்று மிரட்டினாள். "பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, இறங்க முடியாது" என்றான். நான் அடுப்பை மறந்து நின்றேன். ஒரு ஆண்டாகப் பணம் கட்டியும் வராத பேச்சு அது.

அதிலிருந்து நான் ஞானம் பெற்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரம் வந்த வாரமே எல்லா வகுப்புகளையும் திரும்பத் தொடங்கினேன். மரத்தை வெட்டி அப்புறப்படுத்த ஆள் வைத்தேன். அன்று பார்த்தது என்ன என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கொலராடோவில் ஓர் ஆய்வு நடந்தது. 2014இல் வெளியானது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் எழுபது பேர் ஒரு வாரம் எப்படி நேரம் கழித்தார்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் வகுத்துக்கொடுக்காத நேரம் அதிகமாக இருந்த பிள்ளைகள், தாமாகவே ஓர் இலக்கை வைத்துக்கொண்டு அதை நோக்கிச் செயல்படும் திறனில் மேலாக இருந்தார்கள். வகுப்புகளிலும் பயிற்சிகளிலும் அதிக நேரம் போனவர்களுக்கு அந்தத் திறன் குறைவாகவே தெரிந்தது. சிறிய ஆய்வுதான், எதனால் எது என்பதை அது நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்று மட்டுமே சொன்னது. ஆனாலும் படித்தபோது எனக்கு அந்த லிச்சி மரம் நினைவுக்கு வந்தது. வகுப்பில் அடுத்து என்ன என்பதை ஆசிரியர் சொல்கிறார். மரத்தில் அடுத்து என்ன என்பதை யாராவது ஒரு பிள்ளை யோசித்தாக வேண்டும்.

இனி நம் ஊர் விஷயம். மற்ற நாட்டுப் பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை மொரீசியஸுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ஐந்தாம் வகுப்பின் வாசலில் லெசோன் காத்துக்கொண்டிருக்கிறது. பள்ளி முடிந்து, அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு இன்னொரு முறை காசுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு இங்கே எல்லா மொழியிலும் ஒரே பெயர்தான். தமிழில் தனிப்பாடம் என்று எழுதலாம், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளுக்கு லெசோன் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் அணை திறந்துவிடும்.

நானும் லெசோன் கொடுத்தவள்தான், மறைக்கவில்லை. எங்கள் கார் கொட்டகையில் நான்கு பெஞ்சு, ஒரு கரும்பலகை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி முடிந்து, கணக்கு லெசோனும் முடிந்து, கடைசியாக என்னிடம் தமிழுக்கு வருவார்கள். ஒரு பெண் வினைமுற்று எழுதிக்கொண்டிருக்கும்போதே நோட்டின் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழுப்பினேன். கன்னத்தில் மை ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இன்றைக்கு நினைத்தால் எழுப்பியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

அன்றைய ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் சி.பி.ஈ. தேர்வில் பதினொரு வயதுப் பிள்ளையின் தலையெழுத்தே தீர்மானமாகிவிடும் என்ற பயம். நல்ல கல்லூரியில் (இங்கே உயர்நிலைப் பள்ளியைத்தான் அப்படிச் சொல்கிறோம்) இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த ஒரே தேர்வில் இருந்தது. 2017இல் ஒன்பதாண்டுக் கல்வித் திட்டம் வந்து சி.பி.ஈ.யின் இடத்தில் பி.எஸ்.ஏ.சி. என்ற தேர்வு வந்தது. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை தன் வட்டாரத்துப் பள்ளிக்குப் போகிறான். பெரிய பெயர் பெற்ற கல்லூரிகள் சில அகாடமிகளாகி, ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகுதான் பிள்ளைகளை எடுத்துக்கொண்டன. ஓட்டப்பந்தயத்தின் கோடு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. லெசோன் மட்டும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. பெற்றோரின் கால்கள் பழைய கோட்டிலேயே ஓடப் பழகிவிட்டன.

சட்டம் தடுத்த அந்த முதல் நான்கு ஆண்டுகளில்தான் அபாகஸும் பேச்சுப் பயிற்சியும் வந்து குடியேறின என்பது என் கணிப்பு. லெசோன் என்று பெயர் வைக்க முடியாததால் திறன் வளர்ப்பு என்று பெயர். உங்கள் மகனுக்கு அந்தக் காலி இடத்தில் இன்னும் சில மாதங்களே மிச்சம். அடுத்த ஆண்டு நீங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், "எல்லோரும் போகிறார்கள், நானும் போகிறேன்" என்று அவனே கேட்பான். நண்பர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். அதனால் இந்த ஆண்டை வீணாக்க வேண்டாம் என்கிறேன். எல்லோரும் நினைக்கிற பொருளில் இல்லை. நேர் எதிர்ப் பொருளில்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீச்சலைத் தொடாதீர்கள். தீவுப் பிள்ளைக்கு அது கூடுதல் திறமை கிடையாது, தெருவைக் கடக்கத் தெரிவது போன்றது. என் உறவினர்களில் கடலைப் பார்த்தபடியே வளர்ந்து, கழுத்தளவு நீருக்கு மேல் போகத் தெரியாதவர்கள்தான் அதிகம். பவளப் பாறை சூழ்ந்த கரைகளில் தண்ணீர் குளம் போல நிற்பதைப் பார்த்துப் பார்த்து, கடல் எங்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறோம். சூயாக்கில் கிரி கிரி கடற்கரையில் போய் நின்று பாருங்கள். அங்கே பாறை அரண் விட்டுப்போய்விட்டது. அலை நேராகக் கரையில் வந்து மோதும். கடலின் உண்மை முகம் அதுதான். நீச்சலுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, அதற்கு முடிவு இருக்கிறது. நூறு மீட்டர் நிற்காமல் நீந்தவும், களைத்தால் மல்லாந்து மிதக்கவும் தெரிந்துவிட்டால் வகுப்பை நிறுத்திவிடலாம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிலாவோ, அதாவது சவுக்கு மரத்தடியில் பாயை விரித்துக்கொண்டு நீங்களும் கூட இருந்தால் போதும். பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கும்போதும் "இது எப்போது முடியும்?" என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாத வகுப்புகளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மிருதங்கத்துக்கு முடிவு கிடையாது. ஆனால் அதைப் பற்றி உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள்: "சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறான், அதட்ட வேண்டியிருக்கிறது." அம்மா, அதட்டாதீர்கள்! தா தி தொம் நம் சோற்றுத் தட்டு வரை வந்துவிட்டது. ஒரு வகுப்பை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் இது ஒன்றுதான். யாரும் சொல்லாதபோது, யாரும் பார்க்காதபோது, அந்த வகுப்பில் கற்றது பிள்ளையின் கையிலோ வாயிலோ வருகிறதா? அபாகஸ் மணிகளை அவன் வீட்டில் எப்போதாவது தானாகத் தொட்டானா? தொட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். பின்னாளில் ஆசை நிலைத்தால் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது, முறையாகக் கற்கலாம். இப்போது வாரம் ஒரு வகுப்பும், வீட்டில் அவனுக்குத் தோன்றும்போது தட்டுவதும் போதும். "இன்று சாதகம் செய்தாயா?" என்று போலீஸ்காரரைப் போல நிற்க வேண்டாம்.

பரிசு, சான்றிதழ் பற்றி இடையில் ஒரு வார்த்தை. 1973இல் ஸ்டான்ஃபோர்டில் மூன்று உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று உண்டு. படம் வரைவதில் தாமாகவே ஆசை உள்ள சின்னப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சிலருக்கு "வரைந்தால் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லவில்லை. சில நாள் கழித்து, வரைகோல்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அவற்றைத் தொட்டார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் நின்றது. அபாகஸில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, உங்கள் வரவேற்பறைச் சுவரிலும் மூன்று தொங்கும் என்று நினைக்கிறேன். மிருதங்கத்தை அந்தச் சுவருக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.

ஆக, வியாழன் அபாகஸை நிறுத்திவிடலாம். மணிகளை நகர்த்திப் போடும் கணக்கு வேகமாக வரும், உண்மைதான். ஆனால் பி.எஸ்.ஏ.சி. கணக்குத் தாளில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் கூட்டலில் இல்லை. கேள்வி ஆங்கிலத்தில் என்ன கேட்கிறது என்று புரியாமல் சறுக்குகிறார்கள். அதற்கு மருந்து வாசிப்பு.

புதன்கிழமை பிரெஞ்சு எனக்குச் சிரிப்பையே வரவழைக்கிறது. யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளை வீட்டில் கிரியோல் பேசுகிறான், பள்ளிப் புத்தகத்தை ஆங்கிலத்தில் படிக்கிறான், பிரெஞ்சு ஒரு பாடம், தொலைக்காட்சியும் அதே பிரெஞ்சு, அதற்கு மேல் தமிழ் எழுத்து. எட்டு வயதில் நாலு மொழி. உலகத்தில் வேறு எங்காவது ஒரு தாய் இதைக் கேட்டால் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள். நாம் போதாது என்று இன்னொரு வகுப்பில் சேர்க்கிறோம். அவன் நன்றாகப் பேச வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால், பேச ஆள் வேண்டும், கேட்க ஆள் வேண்டும், பேச ஏதாவது நடந்திருக்கவும் வேண்டும். வாரம் முழுக்க வகுப்புக்கும் காருக்கும் இடையில் போகிற பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் சொல்ல?

இப்போது என் சொந்தத் தொழில் மீதே கை வைக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ். பள்ளியில் விருப்ப மொழியாகத் தமிழ் படிக்கிறான் என்பதால் எழுத்தும் இலக்கணமும் ஏதோ ஒரு அளவுக்கு வந்துவிடும். கோவில் வகுப்பும் அதே பாடப்புத்தகத்தையே திருப்பினால், அது இன்னொரு லெசோன். ஆனால் ஒரு கேள்வி: வகுப்பு முடிந்த பிறகு என்ன நடக்கிறது? பல கோவில்களில், பதினொரு மணிக்கு வகுப்பு விட்டதும் பிள்ளைகள் பிரகாரத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். உள்ளே பாட்டிமார் பூக் கட்டிக்கொண்டிருப்பார்கள். "ஏய், பார்த்து ஓடு" என்ற தமிழ் அங்கேதான் காதில் விழும். அப்படிப்பட்ட இடம் என்றால் விட்டுவிடாதீர்கள். வகுப்புக்கு அவன் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை, விளையாடி முடிக்கும் முன் காரில் ஏற்றிவிடாதீர்கள். அடுத்த வகுப்புக்கு அள்ளிக்கொண்டு ஓடும் இடம் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை மாமியாரிடம் கொடுங்கள்.

மாமியாரை நீங்கள் சற்றுக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று, ஆறு மணி வரை பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லாமல் வகுப்பு வகுப்பாக அனுப்பும் தாய்மாரைக் கேட்டால் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; வகுப்பு என்ற பெயரில் அவர்கள் தேடுவது ஒரு பாதுகாப்பான கூரை. உங்களுக்கு அந்தக் கூரை வீட்டிலேயே இருக்கிறது. மாமியாருக்குச் சிராந்தான் என்ற கிரியோல் விடுகதை விளையாட்டு தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தான். "சிராந்தான்?" என்று கேட்டால் "சாம்பெக்!" என்று கத்த வேண்டும். பிறகு விடுகதை. "டிலோ டிபூட்?" நிற்கும் தண்ணீர் எது? கரும்பு. "டிலோ பாண்டான்?" தொங்கும் தண்ணீர்? தேங்காய். இதையே தமிழில் கேட்கச் சொல்லுங்கள், பிறகு பையனையே ஒன்று புனையச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பையன், "நடக்கும் தண்ணீர் எது?" என்று கேட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. "காய்ச்சல் வந்த என் தம்பி, மூக்கு ஒழுகுகிறது" என்றான். ஒரு பருவம் முழுக்க நான் நடத்திய பாடத்தில் அத்தனை நல்ல தமிழ் வாக்கியம் எழுதப்படவில்லை.

மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ் கட்டணம் இல்லை என்று 2005இல் ஆனதே, அதையும் பயன்படுத்துங்கள். பாட்டியும் பேரனும் ஒரு மாலை பஸ் ஏறிச் சந்தைக்குப் போய் வரட்டும். முருங்கைக்காய் முற்றலா இளசா என்று முறுக்கிப் பார்ப்பதும், பேரம் பேசுவதும், மீதிச் சில்லறையை எண்ணுவதும் அவனுடைய வேலை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாளும் அப்படியே. விரத நாட்களில் வகுப்புகளை எல்லாம் நிறுத்தி வையுங்கள், கூச்சமே வேண்டாம். மூங்கில் வளைத்துக் கட்டுவது, தென்னை ஓலை பின்னுவது, எலுமிச்சம்பழம் கோப்பது, ஏழு கறியோடு பந்தி நடக்கும்போது இலையில் முதலில் உப்பு வைத்துக்கொண்டு போவது, இவை எல்லாம் எட்டு வயதுக் கைக்கு ஆகும் வேலைகள். அங்கே யாரும் அவனுக்கு மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் அவன் உப்பு வைக்க மறந்த இலைக்காரர் கூப்பிட்டுக் கேட்பார்.

டேப்லெட் பற்றிய உங்கள் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. நியாயமான பயமும்கூட. வகுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா விட்டால் முதல் இரண்டு மூன்று வாரம் அவன் கண்டிப்பாக "போர் அடிக்கிறது" என்று உங்கள் பின்னாலேயே சுற்றுவான். இத்தனை நாளும் அடுத்து என்ன என்பதை நீங்கள் அட்டவணை போட்டுக் கொடுத்தீர்கள். அந்தத் தசை அவனுக்கு வளரவே இல்லை. அதை ஒரே வாரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. அந்த வாரங்களில் இரக்கப்பட்டு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. டேப்லெட்டை அடியோடு பிடுங்கவும் வேண்டாம். சனி, ஞாயிறு இத்தனை மணிக்கு என்று வைத்துவிட்டு, வார நாட்களில் அது உங்கள் அலமாரியில் இருக்கட்டும். உங்கள் கைபேசியும் கொஞ்ச நேரம் அதோடு இருந்தால் பேச்சுக்கு எடை கூடும்.

ஆனால் டேப்லெட்டை எடுத்துவிட்டால் மட்டும் விளையாட்டு வந்துவிடாது. அதற்குக் கூட்டாளி வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது யாரும் யாரையும் அழைத்ததில்லை; தெருவுக்குப் போனால் பிள்ளைகள் இருப்பார்கள், கனெட் ஆடிக்கொண்டு, அதாவது கோலி; அல்லது தரையில் கோடு கிழித்து லாமாரெல், நம் பாண்டி. இன்று தெருவில் போய்ப் பார்த்தால் நாய் மட்டும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு வகுப்பில். ஒரு பிள்ளையின் மாலையை மட்டும் காலியாக்குவதில் பயனில்லை. அவன் தனியாக நிற்பான். அதனால் உங்கள் தெருவிலோ அவன் வகுப்பிலோ இன்னும் ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள். ஒன்று போதும். வியாழக்கிழமை இரண்டு பேரும் எங்கும் அனுப்புவதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு எப்படி வாக்குக் கொடுக்கிறோமோ அப்படியே இதற்கும். மழை வந்தாலும் மாற்றக் கூடாது. முற்றம் இருக்கும் வீடு யாருடையதோ அங்கே. கொஞ்சம் பழைய அட்டைப் பெட்டி, கயிறு, பலகைத் துண்டு, ஒரு பழைய படுக்கை விரிப்பு, தென்னை ஈர்க்கு போட்டு வையுங்கள். முழங்கால் சிராயும், சட்டை கிழியும். பாட்டி வராந்தாவில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பார். யாராவது அழுதால் ஒழிய எழுந்து வர வேண்டாம். அழுதாலும் கொஞ்சம் பொறுத்து வரட்டும்.

கணவருக்கு என்ன சொல்வது? அவருடைய பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பல்கலைக்கழக உதவித்தொகை முடிவு வரும் நாளில் லொரேயா ஆன, அதாவது அந்த உதவித்தொகையை வென்ற பிள்ளையைக் கல்லூரி வாசலில் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து வளர்ந்த மனிதர் அவர். இந்தத் தீவில் ஒவ்வொரு தகப்பனுக்கும் ஒருமுறையாவது அந்தக் கனவு வந்திருக்கும். அவரிடம் வாதத்தை விடக் கணக்கு எடுபடும். நான் மேலே போட்ட 270 நிமிடக் கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். முடிவில் தூக்கத்தில் கைவைக்காமல் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்று அவரே காண்பார். தாமதமாகத் தொடங்கினால் பின்தங்குவான் என்பதற்கு, விளையாட்டில் ஒரு நல்ல பதில் உண்டு. பருவ வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் பிள்ளையை முடக்க வேண்டாம், பலவும் ஆடட்டும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு விடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் மருத்துவர்களுக்கே எழுதிக் கொடுத்தது. சீக்கிரம் தொடங்கியவர்களில் பலர் காயத்தாலும் சலிப்பாலும் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள் என்பதே காரணம். அவருக்குச் சட்டத்தில் நம்பிக்கை அதிகம் என்றால், ஐ.நா.வின் குழந்தை உரிமை ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது; மொரீசியஸ் 1990இலேயே அதில் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டுகளில்தான் நான் கொட்டகையில் பெஞ்சு போட்டு லெசோன் நடத்திக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அபாகஸ் கட்டணம் மாதக் கடைசி வரை கட்டியிருந்தாலும் அந்தப் பணம் போகட்டும். "கட்டியதற்காவது போய்விட்டு வா" என்று அனுப்பினால் இன்னும் மூன்று வயிற்றுவலி. பையனிடம் இதைத் தண்டனை போலவும் சொல்ல வேண்டாம், பரிசு போலவும் சொல்ல வேண்டாம். "வியாழக்கிழமை இனி வகுப்பு இல்லை, அந்த வீட்டுப் பையன் வருவான்" என்றால் போதும். பிரெஞ்சை இந்தப் பருவம் முடிந்ததும் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் கணவர் திடுக்கிடுவார். வியாழன் மாலை வீட்டுக்கு வந்ததும் என்ன விளையாடினாய், என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். அது மறுபடியும் தேர்வு. அவனே சொன்னால் கேளுங்கள்.

நான்கு வியாழன் கழித்து வயிற்றுவலி பற்றி எழுதுங்கள். அது செவ்வாய்க்கிழமைக்கு நகர்ந்துவிட்டது என்றால் மிருதங்கத்தைப் பற்றி நான் சொன்னது தவறு. அதையும் மாற்றி யோசிப்போம்.